பேஸ் கிடார், ஆம்ப்: புதிதாக வருபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பகலில் கணக்கு வழக்கு பார்க்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பேஸ், எப்போதாவது நண்பர்களோடு ஒரு கல்யாண ரிசப்ஷன் கச்சேரி. சென்னையில் 14 வருஷமாக என் இசை வாழ்க்கை இவ்வளவுதான். தொழில்முறைக் கலைஞர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கப் போகிறவர்களுக்காக எழுதியது.

முதலில் சாதாரண கிடார் கற்றுக்கொண்டுதான் பேஸுக்கு வர வேண்டுமா?

தேவையில்லை. கிடாரின் தடித்த நாலு கம்பிகளுக்கு என்ன பெயரோ அதேதான் பேஸுக்கும்: இ, ஏ, டி, ஜி. ஒரு ஸ்தாயி கீழே இருக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே கிடார் வாசித்தவருக்கு ஃப்ரெட்போர்டில் (ஃப்ரெட் என்ற உலோகக் குறுக்குப் பட்டைகள் பதித்த, விரல் அழுத்துகிற பலகை) வழி தெரியும், அது லாபம். ஆனால் கொஞ்சம் இடம் கிடைத்தால் உடனே நிரப்பிவிடுகிற பழக்கமும் கூடவே வரும், அதை விடுவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும் (நானும் அந்த வழியாக வந்தவன்தான்). மிருதங்கமோ தபலாவோ கொஞ்சம் கற்றவர்கள் பேஸைச் சட்டென்று பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

4 கம்பியா, 5 கம்பியா?

4. அதில் கடைசி இ கம்பி 41 ஹெர்ட்ஸ், 5 கம்பி பேஸில் கூடுதலாக வருகிற பி கம்பி 31 ஹெர்ட்ஸ். முதல் வருஷம் நீங்கள் வைத்திருக்கப் போகிற சின்ன ஆம்ப் (சத்தத்தைப் பெருக்குகிற ஸ்பீக்கர் பெட்டி) அந்த 31 ஹெர்ட்ஸை ஒழுங்காகக் கொடுக்காது. அந்தக் கம்பி கட்டைவிரலை ஊன்ற மட்டும்தான் பயன்படும், இடது கை பிடிக்கிற நெக்கும் அகலமாகி கையை வாட்டும். ஆனால் உங்கள் குழுவில் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் நிறைய பாட்டு வருகிறது, அந்த சி-யும் சி ஷார்ப்பும் அடியில் கனமாக விழுந்தே ஆக வேண்டும் என்றால் 4 கம்பியில் அது கிடையாது. அப்படி ஒரு தேவை வந்த பிறகு 5க்கு மாறுங்கள்.

பிரசிஷன், ஜாஸ் என்கிறார்களே, அது என்ன? எதை வாங்குவது?

கொஞ்சம் பழைய கதை. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951இல் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அதுவரை பேஸ் என்றால் ஆள் உயர டபுள் பேஸ்தான். தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது, ட்ரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் முழங்கும்போது காதிலும் விழாது, ஃப்ரெட் இல்லாததால் சுருதி பிசகாமல் வாசிக்க நல்ல பயிற்சி வேண்டும். ஃப்ரெட் இருந்தால் சுரம் துல்லியமாக விழும், அதனால்தான் பிரசிஷன் என்ற பெயர். அதிர்கிற கம்பிக்கு அவர் வைத்த 34 அங்குல நீளம்தான் இன்றும் பேஸுக்கு வழக்கமான அளவு. இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கிற பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்புவது) 1957இல் வந்தது. 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது, இரண்டு பிக்கப், தலைப்பக்கம் ஒல்லியான நெக். 1976இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே, உள்ளேயே பேட்டரியில் ஓடுகிற ப்ரீஆம்போடு (ஆம்புக்குப் போகும் முன் சிக்னலை உயர்த்துகிற சர்க்யூட்).

கடையில் தொங்குகிற முக்கால்வாசி பேஸ்கள் இந்த மூன்றில் ஒன்றின் பேரப்பிள்ளைகள். பிரசிஷனில் ஒரு வால்யூம், ஒரு டோன், ஒரே சத்தம், ஆனால் அந்தச் சத்தம் எந்தப் பாட்டிலும் உட்காரும். ஜாஸில் இரண்டு பிக்கப்பையும் கலந்து சத்தத்தை மாற்றலாம், நெக் ஒல்லி என்பதால் சின்னக் கைக்கு வசதி. ஸ்கொயர், யமஹா, ஐபனெஸ், கோர்ட் நாலிலும் ஆரம்ப மாடல்கள் நன்றாகவே இருக்கின்றன. நான் என்றால் எந்த பிராண்ட் என்று கேட்பதற்கு முன்னால் நின்றபடி பெல்ட்டில் மாட்டிப் பத்து நிமிஷம் வைத்துப் பார்ப்பேன். 4 கிலோவுக்கு மேல் போனால் தோள்பட்டை சொல்லிவிடும், கையை விட்டதும் தலைப்பக்கம் தரையைப் பார்த்துச் சாய்கிற பேஸ் என்றால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

தாராளமாக. ஆர்வத்தில் வாங்கி ஆறு மாதத்தில் அலமாரி மேல் போட்டவர்கள் நிறைய பேர். போகும்போது பார்க்க வேண்டியது: ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி மீட்டுங்கள், எங்கேயாவது சத்தம் செத்துப்போகிறதா அல்லது கரகரக்கிறதா. நெக்கைக் கண்ணோடு வைத்து, துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி பாருங்கள், லேசான வளைவு இருக்கலாம், முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். ட்ரஸ் ராடு (நெக்குக்குள் ஓடும், அதன் வளைவைச் சரிசெய்கிற இரும்புத் தண்டு) திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். குமிழ்கள் கரகரத்தால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும்.

புதுசாக வாங்கியிருக்கிறேன், ஆனால் கம்பியை அழுத்தவே முடியவில்லை. விரல் வலிக்கிறது.

பாதிப்பேர் இந்தக் கட்டத்தில்தான் "எனக்கு இது வராது" என்று விட்டுவிடுகிறார்கள். பிரச்சினை உங்கள் விரலில் இருக்காது, கிடார் செட்டப் ஆகாமல் வந்திருக்கும். ஃபேக்டரியில் ஒரு தட்பவெப்பத்தில் பூட்டியது கப்பலில் வந்து, கடையில் ஏசியில் தொங்கி, உங்கள் வீட்டுப் புழுக்கத்துக்கு வந்திருக்கிறது. மரம் அசையாமல் என்ன செய்யும்?

மூன்று இடம் பார்க்க வேண்டும். ஒன்று நெக்கின் வளைவு. இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடம்போடு சேருகிற இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடித்தால் 7, 8ஆவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று திருப்பி, டியூன் செய்து, மறுபடி பாருங்கள். ஒரே மூச்சில் அரைச் சுற்று, முழுச் சுற்று வேண்டாம், மக்கர் செய்தால் கையை எடுத்துவிடுங்கள். அடுத்தது கம்பியின் உயரம். 17ஆவது ஃப்ரெட்டில் இ கம்பி சுமார் 2.4, ஜி கம்பி சுமார் 2 மில்லிமீட்டர் என்பது ஃபெண்டர் சொல்கிற அளவு, உடம்பில் கம்பிகள் வந்து உட்கார்கிற பிரிட்ஜில் இருக்கிற குட்டி ஸ்க்ரூக்களால் ஏற்றி இறக்கலாம். கடைசியாக இன்டொனேஷன், அதாவது நெக் முழுக்கச் சுருதி சரியாக நிற்பது: 12ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக்கும் (அழுத்தாமல், ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுவது) அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசித்த சுரமும் டியூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் அந்தக் கம்பியின் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்கார்கிற துண்டு) பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால்.

இதெல்லாம் பயமாக இருந்தால் கிடார் ரிப்பேர் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், அந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள். நல்ல செட்டப்பில் இருக்கிற மலிவு பேஸும் செட்டப் இல்லாத விலை உயர்ந்த பேஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நான் மலிவானதைத்தான் எடுப்பேன்.

கை சின்னது. குழந்தைக்கு / என் மனைவிக்கு வாங்க வேண்டும்.

கம்பி நீளம் 30 அங்குலமே உள்ள ஷார்ட் ஸ்கேல் பேஸ் இருக்கிறது. அதைக் குழந்தை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம், பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் வாங்கிய வயலின் வடிவ ஹாஃப்னர் அந்த வகைதான். அல்லது சாதாரண பேஸிலேயே டபுள் பேஸ்காரர்கள் முறையைப் பிடியுங்கள். முதல் சில ஃப்ரெட்களில் விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று விரிக்காமல் ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களால் மூன்று ஃப்ரெட்டை மட்டும் பிடித்து, மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக நிற்கும். மேலே 7ஆவது ஃப்ரெட் தாண்டினால் எப்படியும் கை எட்டும். மணிக்கட்டில் வலி வந்தால் மட்டும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். விரல் நுனி எரிவது பழகிப்போகும், மணிக்கட்டு அப்படியில்லை.

கம்பி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது?

ரவுண்ட்வவுண்டா ஃப்ளாட்வவுண்டா என்பதைப் பொறுத்தது. ரவுண்ட்வவுண்டில் வெளிச்சுற்று உருண்டைக் கம்பி, புதிதில் பியானோ மாதிரி பளீரென்று இருக்கும், விரல் வியர்வையும் அழுக்கும் சந்துகளில் ஏற ஏற மங்கிப்போகும். எங்கள் கடற்கரைப் பக்க வீடுகளில் இரண்டு மாதத்தில் துருவே பிடிக்கும், வாசித்து முடித்ததும் ஒரு பழைய பனியன் துணியால் துடைத்து வைத்தால் ஆயுள் கூடும். பழைய கம்பியை வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்தால் கொஞ்ச நாள் பளபளப்பு திரும்பும், வேலை செய்கிற தந்திரம்தான், ஆனால் வீட்டில் சாம்பார் பாத்திரத்தை எடுக்காதீர்கள்.

ஃப்ளாட்வவுண்டில் வெளிச்சுற்று தட்டை நாடா, தொட்டால் வழவழ, சத்தம் முதல் நாளே மெத்தென்று இருக்கும். டெட்ராய்ட்டின் மோடவுன் இசைக் கம்பெனிப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கனமான ஃப்ளாட்வவுண்ட் போட்டு, வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் வாசித்தார், அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்றமாட்டார். பழைய தமிழ் சினிமாப் பாட்டு பேஸ் சத்தம் வேண்டும் என்கிறவர்கள் புது ஆம்ப் தேடுவதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள். கனம் 45இலிருந்து 105 (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு) என்று எழுதியிருப்பது பொதுவான செட்.

ஆம்ப் எத்தனை வாட் வாங்குவது?

வீட்டுக்கு 15 முதல் 40 வாட் போதும். ட்ரம்ஸோடு ஒரே அறையில் வாசிக்க வேண்டும் என்றால் குறைந்தது 100, நிம்மதியாக வாசிக்க 200, 300. கிடார்காரர் 30 வாட் வால்வ் ஆம்பை (பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வில் ஓடுவது) வைத்துக்கொண்டு அறையையே அதிர வைக்கும்போது உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்றால், நம் காது தாழ்ந்த சுரங்களுக்கு அரைச் செவிடு. அதே அளவு கேட்க, கீழே போகப்போக சக்தி அதிகம் வேண்டும். இன்னொன்று, வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியப் பத்து மடங்கு வாட் ஆகும். அதனால் 40க்கும் 50க்கும் நடுவில் தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பணத்துக்குப் பெரிய ஸ்பீக்கர் வாங்குங்கள். வீட்டு ஆம்புக்கு 8 அங்குலம் சரி, ட்ரம்ஸோடு என்றால் 12 அல்லது 15.

1969இல் ஆம்பெக் கம்பெனி எஸ்விடி என்று 300 வாட் வால்வ் ஆம்பையும் 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த கேபினெட்டையும் கொண்டுவந்தது, குளிர்சாதனப் பெட்டி உயரம் இருக்கும். இப்போது அதே வாட்டை கிளாஸ் டி என்ற எடை குறைந்த சர்க்யூட்டில் ஒரு கையில் தூக்கிப் போகலாம். ஆட்டோவில் போகிற நமக்கு அதுதான் தோது.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல், சுவரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. மேல் வீட்டு மாமி கதவைத் தட்டிய பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

வீட்டில் இருக்கிற கிடார் ஆம்பில் வாசிக்கலாமா? ஹோம் தியேட்டரில்?

மெதுவாக வைத்தால் ஒன்றும் ஆகாது. சத்தம் கூட்டும்போது ஸ்பீக்கர் காகிதம் தாங்கக்கூடிய தூரத்துக்கு மேல் முன்னும் பின்னும் அடிக்கும், படபடவென்று கேட்டால் உடனே குறையுங்கள். வேடிக்கை என்னவென்றால், ஃபெண்டரே 1952இல் பேஸ்மேன் என்று பேஸுக்காகச் செய்த ஆம்பைப் பிற்பாடு கிடார்காரர்கள்தான் கொண்டாடினார்கள், லண்டனில் மார்ஷலின் முதல் ஆம்ப் அதைப் பார்த்துச் செய்தது. ஹோம் தியேட்டரில் கிடாரை நேராகச் செருகினால் சத்தம் சன்னமாக, உயிரில்லாமல் வரும், நடுவில் ஒரு ப்ரீஆம்ப் பெடலோ கம்ப்யூட்டரில் ஆடியோ இன்டர்ஃபேஸோ வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் வருகிறார், ஆம்ப் வாங்கிவரச் சொல்லலாமா?

பின்பக்கத்தைப் படிக்காமல் சொல்லாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. "100 முதல் 240" என்று போட்டிருந்தால் கவலையில்லை. 120 மட்டும் என்றால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகவே கூடாது, அதுவும் ஆம்ப் இழுக்கிற வாட்டுக்கு மேல் தாங்குகிறதாக இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் ஆசையாக வந்த ஆம்பைப் பிரித்த கையோடு செருகினார். டப் என்று ஒரு சத்தம், கருகின வாசனை. ஃபியூஸோடு போயிருந்தால் பரவாயில்லை, உள்ளேயும் போயிருந்தது. ரிப்பேர் செய்த பணத்துக்கு இங்கேயே ஒன்று வாங்கியிருக்கலாம் என்று அவர் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

இன்னொரு கேபினெட் சேர்க்கலாமா? ஓம் என்கிறார்களே?

ஓம் என்பது ஸ்பீக்கரின் மின் தடை. 8 ஓம் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) இரண்டை ஆம்பில் சேர்த்தால் மொத்தம் 4 ஓம். ஆம்பின் பின்னால் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்றிருந்தால் அதோடு நிறுத்துங்கள், மூன்றாவதைச் சேர்த்தால் சூடாகி அணையும் அல்லது போகும். வால்வ் ஆம்ப் என்றால் ஸ்பீக்கரே இல்லாமல் ஆன் செய்யக் கூடாது.

ஆம்ப் ஆன் செய்தால் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம்.

கம்பியை விரலால் தொட்டதும் குறைகிறதா? அப்படியென்றால் கிடார் ஆன்டெனா மாதிரி இழுக்கிறது, ட்யூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர், செல்போன் சார்ஜர் பக்கத்திலிருந்து தள்ளி நின்று பாருங்கள். ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் ஹம் வரும், இரண்டையும் முழுசாகத் திறந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். எங்கே போனாலும் போகவில்லை என்றால் வீட்டு எர்த் சரியாக இருக்காது. மைக்கில் உதடு படும்போது சுரீர் என்றால் அது விளையாட்டில்லை, வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின் ப்ளக்கில் பெரிய பின்னைப் பிடுங்கிவிட்டால் ஹம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிர் போகும்.

ஒரு சின்னத் தகவல்: நம் கரன்ட்டின் ஹம் 50 ஹெர்ட்ஸ். இ கம்பியின் 3ஆவது ஃப்ரெட்டில் இருக்கிற ஜி 49 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைப் பாட்டு வாசிக்கும்போது ஹம் கொஞ்சம் ஏறின சுருதியில் கூடவே பாடும், காது இருப்பவருக்கு நரகம்.

விரலால் வாசிப்பதா, பிக்கா?

இரண்டும். "உண்மையான பேஸிஸ்ட் விரலால்தான் வாசிப்பான்" என்கிறவர்கள், லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் எக்கச்சக்கமான பாடல்களுக்குப் பிக்கால் (கம்பியை மீட்டக் கையில் பிடிக்கிற சின்னத் தகடு) வாசித்த கரோல் கேயைக் கேட்டதில்லை. விரலில் ஆரம்பியுங்கள், ஆள்காட்டியும் நடுவிரலும் மாறி மாறி.

நான் வாசித்தால் எல்லாக் கம்பியும் சேர்ந்து இரைகிறது. வீடியோவில் அப்படி இல்லையே?

வாசிக்காத கம்பியை அடக்கிப் பிடிப்பது பேஸில் பாதி வேலை, அது வீடியோவில் கண்ணுக்குத் தெரியாது. வலது கைக் கட்டைவிரலைப் பிக்கப்பிலேயே நிரந்தரமாக வைக்காமல், நீங்கள் வாசிக்கிற கம்பிக்கு மேலே இருக்கிற கம்பி மேல் சாய்த்து வையுங்கள். ஜி கம்பிக்குப் போனால் கட்டைவிரல் டி மேல் இருக்கும், அதன் பக்கவாட்டு ஏ-யைத் தொடும். கீழே இருக்கிற கம்பிகளை இடது கை விரல்கள் தட்டையாகப் படிந்து அடக்கும். சுரத்தை நிறுத்துவதும் இடது கையில்தான்: அழுத்தத்தைத் தளர்த்தி, விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் வையுங்கள், டக் என்று நிற்கும்.

இதை நான் மூன்று வருஷம் கழித்துத்தான் கற்றேன். ரெக்கார்டிங் ஒன்றில் எங்கள் ட்ரம்மர் தம்பி, "அண்ணே, நீங்க ஆரம்பிக்கிறது சரியா இருக்கு, முடிக்கிறதுதான் எங்கேயோ போகுது" என்றான். போட்டுக் கேட்டால் அப்படித்தான் இருந்தது. ஒரு சுரம் ட்ரம்ஸின் ஸ்னேர் அடி விழும்போது நிற்கிறதா, அதைத் தாண்டி வழிகிறதா என்பதில் பாட்டின் நடையே மாறிவிடுகிறது.

பாடகர் "ரெண்டரைக் கட்டை" என்கிறார். நான் என்ன செய்ய?

ஒரு கட்டை சி, ரெண்டு டி, மூணு இ, நாலு எஃப், அஞ்சு ஜி, ஆறு ஏ. அரை சேர்ந்தால் ஷார்ப். ரெண்டரை என்றால் டி ஷார்ப், ஏ கம்பியின் 6ஆவது ஃப்ரெட். பெண் குரலுக்கு அஞ்சரை என்றால் ஜி ஷார்ப், இ கம்பியில் 4. பேஸில் உள்ள பெரிய சௌகரியம், ஒரு பாட்டைத் திறந்த கம்பி இல்லாமல் பழகிவிட்டால் அப்படியே கையை நகர்த்தினால் போதும். கிடார்காரர் கேப்போ (நெக்கில் மாட்டிச் சுருதியை ஏற்றுகிற கிளிப்) தேடுகிற நேரத்தில் நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

தினமும் என்ன பயிற்சி செய்வது?

அரை மணி நேரம் போதும், தினமும் என்றால். மெட்ரோனோமை (தாளம் தட்டிக்கொடுக்கிற கருவி) நிமிஷத்துக்கு 60இல் வைத்து ஒரே சுரத்தை ஐந்து நிமிஷம், முதலில் முழு நீளம், பிறகு பாதி நீளம், பிறகு வெறும் குத்து. சலிப்பாக இருக்கும். அப்புறம் அதே மெட்ரோனோமை இரண்டாவது, நாலாவது அடியில் மட்டும் விழுகிற மாதிரி பாதி வேகத்தில் வையுங்கள், அப்போது சலிப்பாக இருக்காது.

மீதி நேரம் காதால் கேட்டுப் பாட்டை எடுங்கள். தமிழ் தெரிந்தவனுக்கு இதில் ஒரு சொத்து இருக்கிறது: இளையராஜாவின் 70களின் கடைசி, 80களின் பாடல்கள். அவரே கிடார் வாசித்தவர், பேஸ் வெறும் அடிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் பாடகருக்குக் கீழே தனி மெட்டாக நடந்துபோகும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த சுரமே வெளிவராது, அதன் மேல் ஒலிகளை வைத்து மூளைதான் ஊகித்துக்கொள்கிறது. முதல் பாட்டுக்கு எனக்கு ஒரு வாரம் ஆனது, எடுத்ததில் பாதி தப்பு.

மேடையில் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை.

பேஸ் குமிழைக் கூட்டாதீர்கள். ட்ரம்ஸில் காலால் அடிக்கிற கிக்கும் கீபோர்டின் இடது கையும் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கின்றன, இன்னும் கூட்டினால் குழம்பத்தான் செய்யும். மிட் குமிழைக் கூட்டுங்கள். தனியாக வாசிக்கும்போது மூக்கால் பாடுவது மாதிரி அசிங்கமாக இருக்கும், குழுவோடு சேர்ந்தால் சுரம் தெளிவாகத் தெரியும். ஆம்பை மூலையில் வைத்தால் சுவர்கள் சேர்ந்து உறுமும், இரண்டடி முன்னால் இழுத்து, ஒரு நாற்காலி மேல் ஏற்றி, காதைப் பார்த்துத் திருப்புங்கள். மண்டபத்துக்கு மைக்செட்காரர் டிஐ பாக்ஸ் (பேஸை நேராக மைக்செட்டில் இணைக்கிற சின்னப் பெட்டி) வழியாகத் தனியாக எடுத்துக்கொள்வார், அவரிடம் சண்டை வேண்டாம்.

நன்றாக வாசித்துக்கொண்டிருந்தேன், பாட்டு நடுவில் சத்தம் கரகரத்து அப்படியே போய்விட்டது.

ஆக்டிவ் பேஸா, அதாவது உள்ளே ப்ரீஆம்ப் இருக்கிறதா? பின்னால் 9 வோல்ட் பேட்டரி இருக்கும், தீர்ந்திருக்கும். கேபிள் செருகியிருக்கிற வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும், அதனால் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். புதுசு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். தீர்ந்ததைக் கழற்றின அவசரத்தில் அதே பையில் போட்டுவிடாதீர்கள். அடுத்த கச்சேரியில் நான் அதையேதான் எடுத்து மாட்டினேன்.